மங்கிய எண்களின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பென்னலூர். ஓர் ஏரி, ஒரு பொறியியல் கல்லூரி, வயலாக இருந்து மனையாகிப்போன நிலங்கள், தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் சீருடைகள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாடகை அறைகளில் தங்குபவர்கள் பலரும் ஓரிடத்தில் நிலைப்பவர்கள் அல்லர். ஒப்பந்தம் முடிந்தால் அறையைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். சுமந்து செல்ல முடியாதவை பழைய சாமான் கடைக்கு வந்து சேர்கின்றன. கட்டில், மேசை விசிறி, எரிவாயு அடுப்பு, இவற்றுக்கிடையே எப்போதாவது ஓர் இசைப்பெட்டி.

அப்படி ஒரு பெட்டியை நான் வாங்கி வந்தேன். கேசட், குறுந்தகடு, வானொலி மூன்றும் ஒன்றாக அமைந்தது. அணைத்து வைத்தாலும் முகப்பில் மணி காட்டிக்கொண்டிருப்பது. கடையின் அரையிருளில் அதன் நீலப்பச்சை எண்கள் நன்றாகவே தெரிந்தன. வீட்டில் சன்னலோரம் வைத்தபோது எண்களைக் காணவில்லை. கையைக் குவித்து நிழல் கட்டிப் பார்த்தால் மட்டும், ஆழமான கிணற்றுக்குள் தெரியும் நீரைப்போல ஏதோ மினுங்கியது. பாட்டு என்னவோ குறைவின்றிப் பாடியது.

வானொலி, தொலைக்காட்சி பழுது பார்ப்பதில் வயதைக் கழித்த ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்கும் முன் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “அரிக்கேன் வெளக்கு மங்கலா எரிஞ்சா மொதல்ல என்ன சார் பண்ணுவாங்க? சிம்னியத் தொடைப்பாங்க. அப்புறம் எண்ணெய் இருக்குதான்னு பாப்பாங்க. கடைசியிலதான் திரியில கை வெப்பாங்க. இதுக்கும் அந்த வரிசைதான்.”

அவர் சொன்ன வரிசை எவ்வளவு துல்லியமானது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவற்றைத் தொகுத்துக்கொள்ளும் முயற்சி இக்கட்டுரை.

*

வீட்டு ஒலிக்கருவியின் முகத்தில் ஒளி வந்ததற்கு ஏறத்தாழ 90 ஆண்டு வரலாறு உண்டு. அலைவரிசைத் தட்டுக்குப் பின்னால் எரிந்த சிறு பல்பைச் சொல்லவில்லை. கருவியின் உள்நிலையைக் கண்ணுக்குச் சொல்லும் ஒளியைச் சொல்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 6ஈ5 என்னும் வால்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னாலிருந்த கண்டுபிடிப்பு ஆலன் டூமாண்ட் என்பவருடையது. வால்வின் உச்சியில் பச்சையாக ஒளிரும் ஒரு வட்டம். அதில் ஆப்பு வடிவில் ஒரு நிழல். நிலையம் சரியாகப் பிடிபடப் பிடிபட நிழல் ஒடுங்கும். பூனைக்கண்ணை நினைவூட்டும் அதற்கு மேஜிக் ஐ என்று பெயர் வந்தது. ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனம் ஈஎம்34, பின்னர் ஈஎம்80, ஈஎம்84 என இதன் உறவுகளை வெளியிட்டது. ஈஎம்84இல் வட்டம் மறைந்து, ஒன்றையொன்று தொட நெருங்கும் இரண்டு பச்சைப் பட்டைகள் வந்தன.

தமிழ்நாட்டில் இந்தப் பச்சைக் கண்ணுக்கு ஒரு தனித் தேவை இருந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரையிசை அருகிப்போயிற்று. 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை திரைப்பாடலுக்காக நம்மவர்கள் கடல் தாண்டி இலங்கை வானொலியை நாடினார்கள். அதற்குப் பின்னும் பலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தொலைவிலிருந்து வரும், ஏறி இறங்கும் அலையைப் பிடிக்கக் காது மட்டும் போதாது. நிழல் எங்கே மிக ஒடுங்குகிறதோ அங்கே திருகியை நிறுத்த வேண்டும். அந்தத் தலைமுறை வானொலி கேட்டது என்று எழுதுகிறோம். இருட்டறையில் அது வானொலியைப் பார்த்துக்கொண்டும் இருந்தது.

வானொலிப் பெட்டியை இங்கேயே செய்துவிட முடியும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

இந்தப் பச்சைக் கண்ணுக்கு ஒரு குறை இருந்தது. மற்ற வால்வுகள் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே இது மங்கிவிடும். சுமார் 250 வோல்ட்டின் உந்துதலில் விரைந்து வரும் எலெக்ட்ரான்கள் ஒளிர்பூச்சை இடைவிடாமல் தாக்கின. ஓயாமல் அடிபட்ட பூச்சு ஒளிரும் திறனை இழந்தது. மாற்று வால்வு கிடைத்தால் மெக்கானிக் மாற்றினார். கிடைக்காவிட்டால் அப்படியே விட்டார். பெட்டி கண்ணில்லாமலேயே பாடியது. வீட்டு ஒலிக்கருவியில் மங்கிய டிஸ்பிளே என்னும் பழுதின் முதல் வடிவம் இதுதான். ஒளி மங்குவதும் ஒலி தொடர்வதும் அன்றே பிரிந்துவிட்டன.

*

என் பெட்டியில் இருந்தது மேஜிக் ஐயின் பேரப்பிள்ளை. வெற்றிட ஒளிர்காட்டி என்று தமிழில் சொல்லலாம்; தொழிலில் இருப்பவர்கள் விஎஃப்டி என்கிறார்கள். 1950களின் இறுதியில் பிலிப்ஸ் டிஎம்160 என்ற விரல்நுனி அளவுக் குழலைச் செய்தது. டிரான்சிஸ்டர் கணிப்பொறிகளில் ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் ஒளியால் சொல்வது அதன் வேலை. எழுத்தும் எண்ணும் காட்டும் குழலாக அதே தத்துவத்தை வளர்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த தடாஷி நகமுரா. 1960களின் நடுவில் இசே எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அது நிகழ்ந்தது.

அப்போது எண் காட்டுவதற்கு நிக்ஸி குழல்கள் இருந்தன. அழகானவை, ஆனால் 170 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கேட்பவை. புதிதாக வந்துகொண்டிருந்த சிலிக்கான் சில்லுகளால் அதைக் கையாள்வது கடினம். நகமுராவின் குழலுக்கு முப்பது வோல்ட்டை ஒட்டி இருந்தாலே போதும். 1969இல் வெளிவந்த ஷார்ப் க்யூடி-8டி கணக்கிடும் கருவியில் இந்தப் பச்சை எண்கள் மேசைக்கு வந்தன. அதன் பிறகு கடிகாரம், விசிஆர், கேசட் டெக், ஆம்பிளிஃபையர், மைக்ரோவேவ் அடுப்பு என்று 1970களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் வீட்டின் இரவு வெளிச்சத்தில் ஒரு பங்கு இதனுடையதாக இருந்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. தட்டையான கண்ணாடிப் பேழை, அதற்குள் காற்றில்லை. முன்னால் முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் இழைகள் சில, குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் ஆக்சைடுகளின் பூச்சு. மின்னோட்டத்தில் இழை ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாகும். ஆனால் வெளிச்சம் தராது. முழு இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கிய செம்மை மட்டும் தெரியும். அந்தச் சூட்டில் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். நடுவில் ஒரு கம்பிவலை அவற்றை விடவோ தடுக்கவோ செய்யும். பின்னால் எண்ணின் துண்டுகளாக வெட்டப்பட்ட தகடுகள்; அவற்றின் மேல் துத்தநாக ஆக்சைடு. தோல் களிம்பில் சேரும் அதே வெண்பொடிதான், துத்தநாகம் சற்று மிகும்படி பக்குவப்படுத்தியது. எலெக்ட்ரான் வந்து விழும் துண்டு நீலப்பச்சையாக ஒளிரும்.

மெக்கானிக் சொன்ன உவமை இங்கேதான் பொருந்துகிறது. சிம்னி என்பது முன்னாலிருக்கும் நிறக்கண்ணாடியும் கருவியின் பிளாஸ்டிக் முகப்பும். எண்ணெய் என்பது தகடுகளுக்கும் வலைக்கும் தரப்படும் மின்னழுத்தம். திரி என்பது இழை. விளக்கில் இல்லாத நான்காவது ஒன்றும் இங்கே உண்டு. அது ஒளிர்பூச்சு, பயன்படப் பயன்படத் தேய்வது.

*

இந்தக் கண்ணாடிப் பேழைகளைத் தமிழர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவை இங்கே வந்த வழிகள் வேறு. பர்மாவில் 1963-64 ஆண்டுகளின் தேசியமயமாக்கலுக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய தமிழர்களுக்குச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் சிறு கடைகள் அமைந்தன. பர்மா பஜார் என்ற பெயர் பெற்ற அந்த வரிசையில் வெளிநாட்டு டேப்ரிக்கார்டர்களும் கடிகாரங்களும் கிடைத்தன. 1970களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஜப்பானியப் பெட்டி வந்தது. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டி வண்ணத் தொலைக்காட்சியைக் கொணர்ந்தது; அதைத் தொடர்ந்து விசிஆர் பரவியது. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. பண்பலை பரவிய பின் நிழலை ஒடுக்கிப் பிடிக்கும் வேலை மெல்ல மறைந்தது. பெட்டி தானே தேடி நிலையத்தின் எண்ணைக் காட்டியது. முன்பு ஒளி ‘சரியாகப் பிடித்திருக்கிறாய்’ என்று சொன்னது. இப்போது ‘நீ இருக்குமிடம் இது’ என்று எண்ணைச் சொன்னது. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கண் மங்கிய வால்வுப் பெட்டியைத் திருகியால் இயக்க முடிந்தது. எண் மங்கிய பெட்டியில் நேரத்தையோ நிலையத்தையோ பாட்டின் வரிசையையோ பார்த்து அமைக்க வழியில்லை. பழுது நீக்கியே ஆகவேண்டிய கட்டாயம் அங்கிருந்து வருகிறது.

வந்த பெட்டிகள் பழுதானபோது அவற்றை அனுப்பி வைக்கத் தயாரிப்பாளர் இங்கே இல்லை. 100 வோல்ட்டுக்கென ஜப்பானில் விற்கப்பட்ட பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகி எரித்தவர்கள் உண்டு. அவற்றுக்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரிலேயே சுற்றிக் கொடுத்தார்கள். சென்னை அண்ணா சாலைக்கு அருகில் ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் உதிரிபாகங்களின் ஊராயின. ஐடிஐகளில் ரேடியோ, டிவி மெக்கானிக் என்று ஒரு பிரிவு பயிற்றுவிக்கப்பட்டது. படிக்காதவர்கள் கடையில் உட்கார்ந்து கற்றார்கள். பெட்டிக்கு வரைபடம் கிடைக்காதபோது பலகையின் தாமிரக் கோடுகளைப் பின்தொடர்ந்து தாங்களே வரைந்துகொண்டார்கள்.

தொழில்நுட்ப வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடித்தவரிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் எழுதுகிறோம். அப்படி எழுதினால் இந்தப் பச்சை எண்களின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு இடமே இல்லை. பொருள் விற்று முடிந்ததும் வரலாறும் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பெட்டி தொழிற்சாலையில் இருப்பது சில மணி நேரம். வீட்டில் இருப்பது இருபது, முப்பது ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தை நடத்திச் சென்றவர்கள் பழுது பார்த்தவர்கள். நம் பங்கு அங்கேதான் இருக்கிறது, அதுவோ எழுதப்படவில்லை. ஆகவே அந்த மெக்கானிக் என் பெட்டியில் செய்ததை வரிசையாகப் பதிந்துவைப்பது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

*

முதலில் சிம்னி. முகப்புத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறத்தைத் துடைத்தார். ஊதுபத்திப் புகையும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேர்ந்து மெல்லிய பழுப்புப் படலமாகப் படிந்திருந்தன. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியே போதும் என்றார். தின்னர் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்துப் பனிமூட்டமாகிவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தார். அது தெரியாமல் வந்து கூலி கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டாம்.

அடுத்து, அறையின் விளக்கை அணைத்துவிட்டு டிஸ்பிளேயை நேராகப் பார்க்கச் சொன்னார். “எல்லாம் ஒரே மாதிரி மங்கலா, இல்ல சிலது மட்டும் மங்கலா? அதச் சொல்லுங்க.” நோயறிதல் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் மங்கினால் குறை எண்ணெயிலோ திரியிலோ இருக்கும். அடிக்கடி எரியும் எண்கள் மங்கி, எப்போதாவது எரியும் குறிகள் பளிச்சென்று இருந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு மருந்தில்லை. கண்ணாடியின் உள்மூலையில் வெள்ளிப்பூச்சாகத் தெரியும் புள்ளியையும் பார்க்க வேண்டும். எஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்ள வைத்த பூச்சு அது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, குழல் முடிந்தது.

என் பெட்டியில் இரண்டும் கலந்திருந்தன. எல்லாமே மங்கல், மணி காட்டும் எண்கள் கூடுதல் மங்கல். வெள்ளிப்புள்ளி வெள்ளியாகவே இருந்தது.

ஆகவே எண்ணெய். இத்தகைய கருவிகளில் இழை இருக்கும் பகுதியைப் பலகையின் பொதுநிலைக்குக் கீழே சுமார் 30 வோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அந்த வேறுபாடுதான் எலெக்ட்ரான்களை இழுக்கிறது. அவர் மீட்டரை வைத்தபோது 30 இருக்கவேண்டிய இடத்தில் 19 காட்டியது. குற்றவாளி ஒரு சிறு மின்தேக்கி. கண்டன்சர் என்றால்தான் கடையில் புரியும். அதன் அலுமினியக் குப்பிக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில்; கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ்; காற்றுத் துளைகளை மூடியபடி பெட்டிக்கு மேல் விரித்த பூப்பின்னல் துணி; அதன்மேல் ஒரு பொம்மை. பெட்டியை நாம் அன்பாகத்தான் வைத்திருந்தோம், அந்த அன்பில் அது வெந்துபோயிருக்கிறது.

கண்டன்சர்கள் மூன்றை மாற்றினார். பழையதன் வோல்ட் அளவுக்குக் குறையாததாகவும் 105 டிகிரி என்று அச்சிட்டதாகவும் பார்த்து வாங்க வேண்டும். நேர், எதிர் முனைகள் மாறக்கூடாது. கடையில் கேட்காமல் எடுத்தால் 85 டிகிரிதான் கைக்கு வரும். விலையில் பெரிய வேறுபாடில்லை, உழைப்பில் உண்டு. பெட்டியின் செருகியைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் அதை வடிக்காமல் அவர் பலகையைத் தொடவில்லை. பழக்கமில்லாதவர்கள் முகப்பைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மின்சாரம் கொடுத்ததும் எண்கள் எழுந்தன. பகல் வெளிச்சத்திலேயே நிலையத்தின் எண்ணையும் தட்டின் பெயரையும் படிக்க முடிந்தது. மணி காட்டும் நான்கு எண்கள் மட்டும் இன்னும் சோர்ந்திருந்தன.

திரியைத் தூண்ட முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். இழைக்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அதிகம் கிளம்பும். பழைய தொலைக்காட்சியில் பிக்சர் டியூப் மங்கியபோது இதைத்தான் செய்தார்கள். 6.3 வோல்ட் கொடுக்கவேண்டிய ஹீட்டருக்கு, சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பூட்டி ஒன்றிரண்டு வோல்ட் கூட்டினார்கள். பூஸ்டர் என்று அதற்குப் பெயர். புது டியூப் வாங்க இயலாத வீடுகளில் அது சில மாதங்களோ ஓராண்டோ படத்தை நீட்டித்தது. “தூண்டுனா எரியும் சார். ஆனா சீக்கிரம் தீந்துடும். இதுல திரி நல்லாத்தான் இருக்கு, பூச்சுதான் தேஞ்சிருக்கு. திரியக் கொடும பண்ணி என்ன ஆவப்போவுது?”

மற்றொரு வழி, அதே மாதிரியில் செத்துப்போன வேறொரு பெட்டியிலிருந்து டிஸ்பிளேயைக் கழற்றிப் பொருத்துவது. டஜன் கணக்கான கால்களைப் பற்றவைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடி முனை சற்றுத் தட்டுப்பட்டாலும் குழல் போய்விடும். அந்த மாதிரி கிடைத்தால் பார்க்கலாம் என்றார். இதுவரை கிடைக்கவில்லை.

*

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நான்கு எண்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒரே சீராக மங்கவில்லை. ஏழு துண்டுகளால் ஆனது ஒவ்வோர் எண்ணும். 0 முதல் 9 வரை எழுதிப் பார்த்தால், வலப்பக்கக் கீழ்த்துண்டு 2ஐத் தவிர ஒன்பது எண்களிலும் எரிகிறது. இடப்பக்கக் கீழ்த்துண்டு 0, 2, 6, 8 ஆகிய நான்கில் மட்டும் எரிகிறது. நிமிடத்தின் கடைசி இலக்கத்தில் எல்லா எண்களும் சம நேரம் நிற்பவை. ஆக, அங்கே வலப்பக்கக் கீழ்த்துண்டு ஒன்பது பங்கு உழைத்தபோது இடப்பக்கக் கீழ்த்துண்டு நான்கு பங்குதான் உழைத்திருக்கிறது. என் பெட்டியிலும் அதுவே தெரிந்தது. இடக்கீழ்த்துண்டு மட்டும் இளமையாக இருந்தது.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இத்தகைய டிஸ்பிளேயின் ஒளி பாதியாகக் குறையப் பல பத்தாயிரம் மணி நேரம் ஆகும். 15 ஆண்டுகள் செருகியைப் பிடுங்காமல் வைத்திருந்தால் 1,31,400 மணி நேரம். பாட்டுக் கேட்டது அதில் மிகச் சிறிய பகுதியாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் வீட்டில், எவரும் பாட்டுக் கேட்காத இரவுகளிலும் இது மணி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தேய்மானம் அதன் கணக்கேடு. புது டிஸ்பிளே போட்டிருந்தால் அந்தக் கணக்கேட்டை நான் வாசித்திருக்க மாட்டேன்.

பென்னலூரைச் சுற்றி இன்று செய்யப்படாத பொருள் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் விற்பனைக்கு விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா கைபேசி செய்யத் தொடங்கியது. 2007இல் சாம்சங் தொலைக்காட்சி செய்யத் தொடங்கியது. இந்த வட்டாரத்தின் கோடுகளிலிருந்து ஒளிரும் திரைகள் கோடிக்கணக்கில் உலகெங்கும் போயிருக்கின்றன. அவை எல்சிடி, ஓஎல்இடி வகைகள். வெற்றிடக் குழல்களின் காலத்தை முடித்துவைத்த இனம். அந்தக் கோடுகளில் ஒருவரின் வேலை சில நொடிகளில் முடியும் ஓர் அசைவு. திருகு முடுக்குவது, ஒட்டுவது, சோதிப்பது. பெட்டி முழுவதும் எப்படி இயங்குகிறது என்பதை அவர் அறியவேண்டிய தேவையை அந்த ஏற்பாடு வைப்பதில்லை. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றபோது, பெரும்பாலும் இளம்பெண்களான ஆயிரக்கணக்கானோர் அதற்கு முந்தைய மாதங்களிலேயே விருப்ப ஓய்வு பெற்று வெளியேறியிருந்தார்கள். அத்தனை கைபேசிகளைச் செய்த கைகள் ஒரு கைபேசிப் பழுதுக்கடையை நடத்தும் அறிவோடு வெளியே வரவில்லை. அது அவர்களுடைய குறையன்று. அந்த அறிவு அவர்களுக்குத் தரப்படவில்லை.

பழுது பார்ப்பதைச் சட்டமும் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறது. மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2022இல் அவை திருத்தி எழுதப்பட்டன. பழுது நீக்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. நல்லதுதான். உதிரிபாகமும் வரைபடமும் கிடைக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் இரண்டும் கிடைத்தாலும், அறையின் விளக்கை அணைத்துவிட்டு ‘எல்லாம் மங்கலா, சிலது மட்டும் மங்கலா’ என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வி எந்தக் கையேட்டிலிருந்தும் அவருக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்ததில் வந்தது.

கடைக்கு ஆள் யாரும் கற்க வருவதில்லையா என்று கிளம்பும்போது கேட்டேன். பத்து வருடமாக ஒருவரும் வரவில்லை என்றார். கண்டன்சர்களுக்கு ஐம்பது ரூபாய், கூலி இருநூறு. கழற்றிய மூன்று கண்டன்சர்களையும் ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார். எது போயிருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

பெட்டி இப்போது ஷோகேஸுக்கு வெளியே, காற்றுப் படும்படி இருக்கிறது. மேலே துணி இல்லை. இரவில் படுக்கப் போகும் முன் செருகியைப் பிடுங்கிவிடுகிறேன். காலையில் மீண்டும் செருகும்போது மணி பன்னிரண்டு என்று மினுக்கும், திருத்திக்கொள்கிறேன். எண்கள் தெரிவதால் அது முடிகிறது.